தேசிய உணர்வு ஆங்கிலக் கல்வி கொடுத்ததா? என் பதில்

கேள்வி இதுதான்: "வெள்ளையர் எதிர்ப்புத் தேசியம் என்பதே ஆங்கிலக் கல்வியால் வந்த எண்ணம்தானே? மில்லையும் மாஜினியையும் படிக்காமல் இருந்திருந்தால் நம் தலைவர்களுக்கு இந்த யோசனையே வந்திருக்காதே?"

(மில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், மாஜினி இத்தாலிய விடுதலைத் தலைவர்.) பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். "தேசியம் தோன்றக் காரணங்கள்" என்றால் எந்த கைடிலும் முதல் பாயிண்ட் மேற்கத்தியக் கல்விதான். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது பாதிகூட இல்லை.

நான் பேராசிரியர் இல்லை. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 26 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வரலாற்றின் மேல் ஆசைப்பட்டுத் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதே கேள்வி வந்தது. எல்லோரும் மில், பர்க், பிரெஞ்சுப் புரட்சி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து, "சார், கணக்குலேர்ந்து வந்தது" என்றேன். வகுப்பு எடுக்க வந்தவர், "உக்காருங்க. கணக்குப்பிள்ளை வேலையைப் போய் சிந்தனைன்னு சொல்லாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வருஷம் பல ஆகியும் அந்தச் சிரிப்பு மனசை விட்டுப் போகவில்லை. அன்று சொல்ல விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸுக்கு ஒரு கூட்டு வியாபாரக் கணக்கு வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி கடையில் உட்கார்ந்து உழைக்கிறார், அண்ணன் வேறு ஊரில் இருக்கிறார். வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம், மண்டப வாடகை எல்லாம் "விற்பனை மேம்பாட்டுச் செலவு" என்று கடையின் பேரேட்டில் ஏறியிருக்கிறது. தம்பிக்கு ஏன் லாபமே நிற்கவில்லை என்று பல வருஷமாகப் புரியவில்லை. சோம்பேறித்தனம் என்று வீட்டில் அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். அந்த வவுச்சரைக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றார்.

அந்த வாரம்தான் வேறொன்றைப் படித்தேன். 1867-இல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தபோது அவருக்காக, லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அலுவலகமான இந்தியா ஆபீஸில் பெரிய நடன விருந்து வைத்தார்கள். பில் இந்திய வருவாயின் தலையில். ஆடியது அங்கே, கட்டியது இங்கே வரி கொடுத்த குடியானவர். அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. 1857 எழுச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்த பணமும் இந்தியாவின் கடன், அதாவது நம்மை விற்ற விலையையும் நாமே கட்டினோம். ரயில் கம்பெனிகளுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீதம் உத்தரவாத வட்டி. இந்தியாவின் கணக்கில் லண்டனில் ஆகும் இப்படிப்பட்ட செலவுகளுக்கு ஹோம் சார்ஜஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எனக்குத் தூக்கம் கெட்டது இதைவிட கவுன்சில் பில் விஷயத்தில்தான். லண்டன் வியாபாரிக்கு இந்தியப் பருத்தி வேண்டும். அவர் பவுனை இங்கே அனுப்ப மாட்டார். லண்டனிலேயே இந்தியச் செயலரிடம், அதாவது இந்திய விவகாரங்களைப் பார்த்த பிரிட்டிஷ் அமைச்சரிடம், கட்டி ஒரு பில் வாங்குவார். அந்தப் பில்லுக்கு இங்கே கருவூலம் ரூபாய் கொடுக்கும். அந்த ரூபாய் எது? விவசாயி கட்டிய வரி. அதைக் கொண்டுதான் அதே விவசாயியின் பருத்திக்கு விலை கொடுப்பார்கள். பவுன் லண்டனிலேயே ஹோம் சார்ஜஸுக்குப் போய்விடும். தன் பணத்தையே தனக்கு விலையாகக் கொடுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கையில் காசு வந்ததே!

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முன்னே நிற்பவர் தாதாபாய் நௌரோஜி. அவர் கணிதப் பேராசிரியர், அப்புறம் லண்டனில் வியாபாரம் பார்த்தவர். பேரேடு தெரிந்த ஆள். சுல்தான் விருந்து நடந்த அதே 1867-இல், அதே லண்டனில், இந்தியாவின் செல்வம் எப்படி வெளியே போகிறது என்று கட்டுரை வாசித்தார். 1870-களில் ஒரு இந்தியரின் சராசரி வருமானம் வருஷத்துக்கு 20 ரூபாய் என்று கணக்குப் போட்டு, ஜெயில் கைதிக்குப் போடும் சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டுக் காட்டினார். எடுத்த புள்ளிவிவரமெல்லாம் அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளிலிருந்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கடையில் நஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அது ஒரே கடை, ஒரே பேரேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் நெல்லும் பேரார் பருத்தியும் வங்காளச் சணலும் ஒரே கணக்கில் வந்து உட்கார்ந்தபோதுதான் "நம்மிடமிருந்து போகிறது" என்ற வாக்கியத்தை எழுத முடிந்தது. அந்த "நாம்" எந்தப் புத்தகத்திலிருந்தும் இறக்குமதியானது இல்லை, கூட்டிப் பார்த்ததில் வந்தது. பஞ்சம் வந்தால் விதி, ஏழ்மை வந்தால் சோம்பல் என்று சொல்லிவந்ததும் அங்கேதான் உடைந்தது.

இங்கே அதைத் தமிழில் கொண்டுவந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-இல் இந்து பத்திரிகையைத் தொடங்கிய அறுவரில் ஒருவர், ஆங்கிலம் படித்தவர்களோடு நிறுத்தாமல் 1882-இல் சுதேசமித்திரன் என்ற தமிழ்ப் பத்திரிகையும் ஆரம்பித்தார். 1897-இல் இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் லண்டனில் போய்ச் சாட்சி சொன்னார். அந்தக் கமிஷனில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர் நௌரோஜி. இதையெல்லாம் சிந்தனை இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

உடனே சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். இவர்கள் எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்கள்தான், மில்லைப் படித்தவர்கள்தான், மறுக்கவில்லை. பாரதியாரே மாஜினியைத் தமிழில் பாட வைத்தார். ஆனால் மொழி கருவி. வந்த கோபம் பில்லைப் பார்த்து வந்தது. போன தொகை எவ்வளவு என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் தகராறு உண்டு, வாட்ஸ்அப்பில் சுற்றும் தொகைக்கெல்லாம் நான் பொறுப்பில்லை. இன்னொன்று, வெளியே போனதைக் கூட்டியவர்கள் உள்ளே யார் யாரை உறிஞ்சினார்கள் என்பதை அதே அக்கறையோடு கூட்டவில்லை. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் அதைத்தான் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்தப் பாக்கி இன்னும் நிற்கிறது.

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிளஸ் ஒன் சேர்க்கையில் காமர்ஸ் குரூப்பை மார்க் குறைந்தவர்களுக்கு என்று ஒதுக்கித் தள்ளுகிறார்கள். என் மகள் 470 எடுத்துவிட்டு அந்த குரூப் கேட்டபோது, "நல்ல மார்க்கை வேஸ்ட் பண்ணாதம்மா" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பற்று வரவு தெரிந்த ஒரு பிள்ளை என்னவெல்லாம் கண்டுபிடிக்க முடியும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சரி, தேர்வுக்குத்தான் கேட்டீர்கள் என்றால் கைடில் இருப்பதையே முதலில் எழுதுங்கள், மார்க் முக்கியம். இரண்டாவது பாயிண்டாக இதை எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்தப் பக்கம் விவசாயி, அந்தப் பக்கம் லண்டன் வியாபாரி, நடுவில் கருவூலம் என்று போட்டு அந்தக் கவுன்சில் பில்லை வரி வரியாக எழுதிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்றால் கமெண்டில் கேளுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆபீஸ் முடிந்து வந்து பார்க்கிறேன்.