மின்பொறியியல் படிக்க என்யூஎஸ்ஸா, என்டியூவா?

தெம்பனிஸில் வசிக்கும் தொடக்கக்கல்லூரி மாணவர் நீங்கள். மின்பொறியியலுக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யூஎஸ்), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்டியூ) இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் முன்னது 8ஆம் இடத்திலும் பின்னது 12ஆம் இடத்திலும் இருப்பதால் என்யூஎஸ்ஸையே ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என்டியூவில் இதே துறையில் படித்தவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்பதிலை வாசியுங்கள்.

அந்த நான்கு இட வேறுபாட்டை நான் பொருட்படுத்த மாட்டேன். 2018ஆம் ஆண்டுக்கான அதே பட்டியலில் என்டியூ 11ஆம் இடத்திலும் என்யூஎஸ் 15ஆம் இடத்திலும் இருந்தன. 2020இல் இரண்டும் 11ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. பிறகு 2024இல் என்டியூ 26க்கு இறங்கி, இப்போது 12க்கு ஏறியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வுக்கூடங்கள் பாழடைந்து மீண்டும் புதுப்பிக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. 2024ஆம் ஆண்டுக்கான பட்டியலில்தான் கியூஎஸ் தன் கணக்கீட்டு முறையையே மாற்றியது: கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கான பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 30ஆகவும், ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கான பங்கு 20இலிருந்து 10ஆகவும் குறைந்தன. எந்த முறையில் கணக்கிட்டாலும், மின்சுற்றுப் பாடத்தை ஒரு விரிவுரையாளர் எப்படி நடத்துகிறார் என்பதை இப்பட்டியல் அளப்பதில்லை.

சட்டமோ மருந்தியலோ படிக்க விரும்பியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. அவை என்டியூவில் இல்லை. மின்பொறியியலைப் பொறுத்தவரை இரு பட்டங்களையும் வேலை தருவோர் சமமாகவே மதிக்கிறார்கள் என்பதே என் அனுபவம். ஆண்டுதோறும் வெளியாகும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில் பாடவாரியாகச் சம்பள விவரம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் பாடத்துக்குரிய வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்மையான வேறுபாடு பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. என்யூஎஸ் 2021இல் பொறியியல் புலத்தையும் வடிவமைப்பு, சுற்றுச்சூழல் பள்ளியையும் இணைத்து ஒரே கல்லூரியாக்கியது. பல துறைகளைத் தொடும் பொதுப் பாடங்கள் அதிகம் என்பதால், கணினியியலிலோ வணிகத்திலோ இரண்டாவது முதன்மைப் பாடம் எடுக்க நினைப்பவருக்கு அது பொருந்தும். என்டியூவின் மின்பொறியியல் பள்ளி மிகப் பெரியது. சில்லு வடிவமைப்பு, மின்னாற்றல் போன்ற பிரிவுகளில் ஆழமாகச் செல்ல விரும்புபவர் அங்கே சலிப்படைய மாட்டார்.

அடுத்தது பயணம். இதைப் பலர் அற்பமாக எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. தெம்பனிஸிலிருந்து என்யூஎஸ்ஸுக்குப் புவன விஸ்தாவில் ரயில் மாறி கெண்ட் ரிட்ஜில் இறங்கலாம். என்டியூவுக்கோ தீவின் கிழக்கிலிருந்து மேற்குவரை கிழக்கு–மேற்குப் பாதையில் சென்று, பூன் லேயிலோ பயனியரிலோ இறங்கி, 179ஆம் எண் பேருந்துக்காக நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். காலை எட்டரை மணிப் பாடத்துக்கு விடியுமுன் எழுந்தாக வேண்டும். ஆகவே என்டியூ என்றால் விடுதியில் தங்குவது நல்லது, அதற்கான கட்டணத்தை வீட்டில் பேசித் தீர்த்த பிறகே முடிவெடுங்கள்.

சில்லு வடிவமைப்பில் ஏற்கெனவே உறுதியான ஆர்வமும் விடுதிக்கு வசதியும் இருந்தால் என்டியூவையும், இல்லையென்றால் என்யூஎஸ்ஸையும் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். இரண்டாம் ஆண்டிலும் விடுதி இடம் கிடைக்குமா என்பதை, ஏற்புக்கான கடைசித் தேதிக்கு முன்பே என்டியூவின் விடுதி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.