அணியின் காளையை மாற்றுவதா, திருத்துவதா?

கேள்வி: தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். கபடி, கைப்பந்து, கூடைப்பந்து, பெண்கள் ஹாக்கி என எங்கள் அணிகள் அனைத்துக்கும் முப்பது ஆண்டுகளாக ஒரே லோகோதான்: வட்டத்துக்குள் பாயும் காளை, அதைச் சுற்றிக் கல்லூரியின் பெயர், கீழே ‘இணைந்து வெல்வோம்’ என்ற வாசகம். ஜெர்சியில் அது கறைபோலத் தெரிகிறது என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள். இணையத்தில் கிடைத்த சீறும் சிங்கத்தைப் போடலாம் என்கிறார்கள். முன்னாள் மாணவர்களோ காளையைத் தொடக்கூடாது என்கிறார்கள். எங்களிடம் பெரிய தொகையும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காளையை வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் சொல்லும் குறை உண்மைதான்; ஆனால் அந்தக் குறை காளையில் இல்லை, அதை வரைந்த விதத்தில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் அணியை அடையாளம் கண்டுவந்த ஒன்றைக் கைவிட்டு, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய சிங்கத்தை வாங்கிப் போடுவது நட்டமான பேரம்.

வடிவமைப்பாளரைத் தேடும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பயிற்சிக்கு வரும் வீரர்கள், வீராங்கனைகள், முடிந்தால் சில முன்னாள் மாணவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, லோகோவைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். ஓவியத் திறமை இதற்குத் தேவையில்லை. எல்லாத் தாள்களிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, கொம்போ, திமிலோ, தூக்கிய முன்னங்காலோ, அதுதான் உங்கள் லோகோ. ஒருவர்கூட வரையாமல் விட்டவை, உதாரணமாக இரட்டை வளையமும் நட்சத்திரங்களும், போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் எந்த அணிக்கு வேலை செய்தாலும் இந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் பென்சிலைத் தொடுவேன்.

முழு விலங்கையும் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 1961-இல் தலைக்கவசத்தில் பதித்த நீள்கொம்பு மாட்டின் தலை, ஒரே நிறத்தில் நிரப்பிய நிழல் வடிவம் மட்டுமே. அதில் கண் இல்லை, ஆனாலும் அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு அது யாருடைய அணி என்று தெரிந்துவிடும். கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. புலியைச் சின்னமாகக் கொண்ட கல்லூரிகள் அந்த நாட்டில் ஏராளம். எனவே 1970-இல் அவர்கள் புலி முகத்தை விட்டுவிட்டுப் புலியின் பாதத் தடத்தை எடுத்துக்கொண்டார்கள். சிகாகோ அருங்காட்சியகத்திலிருந்து பெற்ற வங்கப் புலிப் பாத அச்சு அதற்கு மூலமாயிற்று. அந்தப் பாதத்திலிருந்த தழும்பைக்கூட அழிக்காமல் விட்டதால், தடத்தின் அடியில் ஒரு சிறு கொக்கி இன்றும் இருக்கிறது. உண்மையான ஒரு பாதத்திலிருந்து வந்த வடிவம் என்பதற்கு அந்தத் தழும்பே சாட்சி.

உங்கள் காளைக்கும் அப்படியொரு சாட்சி இருக்கிறது, அது திமில். இணையத்தில் ‘காளை’ என்று தேடினால் வருபவை பெரும்பாலும் திமிலில்லாத மேலைநாட்டு மாடுகள். அவற்றில் பல சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் சிவப்புத் தலையைச் சற்றே மாற்றி வரைந்தவை. அவற்றை எடுத்தால் இன்னொருவரின் வணிகக் குறியோடு மோதுவீர்கள், நம் மண்ணுக்கும் அது பொருந்தாது. காங்கேயம் காளையோ புலிக்குளம் காளையோ வளர்க்கும் வீட்டுக்கு வடிவமைப்பாளரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். காங்கேயம் காளையை எதிரே நின்று பாருங்கள்: தடித்த கொம்புகள் அடியிலிருந்து வெளிப்புறமாக வளைந்து, நுனியில் உள்நோக்கித் திரும்பி, ஏறக்குறைய வட்டத்தை மூட வருவதுபோல நிற்கும். பக்கவாட்டில் நின்றால் தோளுக்கு மேல் திமில் எழும் கோடும், கழுத்துக்குக் கீழே அலைதாடி தொங்கும் கோடும் தெரியும். இந்த மூன்று கோடுகள் சரியாக விழுந்தால் கண், மூக்கு, ரோமம், நாசியிலிருந்து வரும் புகை ஆகிய எதுவும் வேண்டாம்.

அடுத்தது துணி. விளையாட்டு அணியின் லோகோவைக் கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான் நம்மிடையே அதிகம் நடக்கும் தவறு. கைப்பந்து விதிப்படி மார்பின் நடுவில் குறைந்தது 15 செ.மீ., முதுகில் குறைந்தது 20 செ.மீ. உயரத்தில் எண் இருக்க வேண்டும். கூடைப்பந்திலும் முன்பக்கத்தில் எண் உண்டு. ஆக லோகோவுக்குக் கிடைப்பது இடது மார்பில் ஏழெட்டு செ.மீ. இடம்தான். உங்கள் தற்போதைய வட்டத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் சுற்றியிருக்கும் எழுத்துகள் 4 மி.மீ. உயரத்துக்கு வந்துவிடும். எம்பிராய்டரி நூலின் தடிமனே ஏறக்குறைய 0.4 மி.மீ. என்பதை நினைத்துப் பார்த்தால், மாணவர்கள் ஏன் அதைக் கறை என்கிறார்கள் என்பது புரியும்.

தமிழ் எழுத்துகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். உங்கள் வாசகத்தில் வரும் ‘ணை’ என்ற ஓர் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஐகாரக் கொம்பின் சுழிகள், அதையடுத்து ணகரத்தின் சுழிகள் என்று ஒரே எழுத்துக்குள் அத்தனை கண்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணிக்காக நான் எழுதிக் கொடுத்த வாசகம் தைத்து வந்தபோது, ஊசி போகப் போக நூல் இறுகி அந்தக் கண்கள் ஒவ்வொன்றாக மூடிப்போய், எழுத்து இருந்த இடத்தில் ஒரு தடித்த கட்டிதான் இருந்தது. நாற்பது சட்டைகள் தைத்து முடித்த பிறகுதான் பார்த்தோம். அன்றிலிருந்து மார்பு லோகோவில் நான் வாசகம் வைப்பதில்லை. ‘இணைந்து வெல்வோம்’ முதுகில் எண்ணுக்கு மேலேயோ, பேனரிலோ, அணிப் பையிலோ பெரிதாக வரட்டும். அங்கே அது அழகாகவும் இருக்கும், வாசிக்கவும் முடியும். அதற்குக் கட்டமரான், முக்தா மலர் போன்ற திறந்த உரிமம் கொண்ட தமிழ் எழுத்துருக்கள் பல தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரியின் தாய்ச் சின்னத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’ வடிவம் இருக்குமானால், அதை அங்கே அப்படியே விட்டுவிடுங்கள். அது கல்லூரியின் வரலாறு. சான்றிதழில் வரும் முத்திரையும் சட்டையில் வரும் லோகோவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கபடிக்கு எம்பிராய்டரியே வேண்டாம். இழுபறியில் தையல் பிரியும், உடலில் உராயும். பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அச்சு போட்டால் சாயம் இழைக்குள் இறங்கிவிடுவதால் உரிந்து வராது. ஆனால் அது வெளிர் நிறத் துணியில்தான் எடுபடும், பருத்தியில் நிற்காது. திருப்பூரில் ஆர்டர் கொடுக்கும்போது துணி என்ன, அச்சு என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எம்பிராய்டரி தேவைப்படும் டிராக் சூட்டுக்கும் தொப்பிக்கும் ‘பஞ்சிங்’ கோப்பை, அதாவது ஊசி எங்கெங்கே போக வேண்டும் என்று எம்பிராய்டரி இயந்திரத்துக்குச் சொல்லும் கோப்பை, தனியாகச் செய்யச் சொல்லி, ஒரே ஒரு மாதிரியைத் தைத்து, ஐந்து முறை துவைத்துப் பார்த்த பிறகே மொத்த ஆர்டரைக் கொடுங்கள்.

நிறம் இரண்டு போதும், வெள்ளை மூன்றாவது. கூடைப்பந்தில் பட்டியலில் முதலில் வரும் அணி வெளிர் நிறத்திலும் மற்ற அணி அடர் நிறத்திலும் இறங்க வேண்டும் என்பதால், காளை இரண்டு பின்னணிகளிலும் நிற்க வேண்டும். ஒரே கறுப்பு நிறத்தில் வரைந்து, அது நன்றாக நின்ற பிறகு வண்ணம் பூசுவதே சரியான வரிசை. நிறத்தை ‘மெரூன்’ என்று வாயால் சொன்னால் ஆண்டுக்கொரு மெரூன் வரும். நிறத்தைத் துல்லியமாகக் குறிக்க அச்சகங்கள் பயன்படுத்தும் பான்டோன் எண்கள் காகிதத்துக்கும் துணிக்கும் வெவ்வேறு என்பதால் இரண்டையும் குறித்து வையுங்கள்.

வீராங்கனைகளின் கருத்தை மறந்துவிடாதீர்கள் என்று தனியாகவே சொல்ல விரும்புகிறேன். டென்னசி பல்கலைக்கழகம் 2015-இல் கூடைப்பந்து தவிர்த்த மற்றப் பெண்கள் அணிகளிலிருந்து ‘லேடி வால்ஸ்’ என்ற பெயரை நீக்கியது. எதிர்ப்பு ஓயாததால் 2017-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பெண்கள் ஹாக்கி அணி அதே காளையை விரும்புகிறதா, வேறொன்றை விரும்புகிறதா என்பதை அவர்களே சொல்லட்டும். வெளியிடும் முறையும் முக்கியம். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 2014-இல் தன் லோகோவைத் திருத்தியபோது, முறையான அறிவிப்புக்கு முன்பே படம் வெளியே கசிந்துவிட்டது, ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். காரணத்தைக் கேட்கும் முன் படத்தைப் பார்த்தவர்கள் கோபப்படுவது இயல்புதான். உங்கள் முன்னாள் மாணவர்களிடம் முதலில் பழைய சட்டையையும் புதிய சட்டையையும் பத்தடி தள்ளி வைத்துக் காட்டுங்கள். பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

செலவைக் குறைக்க மாணவர்களிடையே போட்டி வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வையுங்கள், ஆனால் உரிமையை எழுதி வாங்குங்கள். வரைந்த மாணவரே பதிப்புரிமையின் உரிமையாளர்; பரிசு கொடுத்ததால் மட்டும் அது கல்லூரிக்கு வந்துவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், அவருடைய கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எனவே ‘பதிப்புரிமை முடியும் காலம் வரை, உலகம் முழுவதும்’ என்று தெளிவாக எழுதுங்கள். இலவசப் படத் தளங்களின் உரிமங்கள் பெரும்பாலும் அந்தப் படங்களை லோகோவாக்க அனுமதிப்பதில்லை. மாணவர்களின் சிங்கத்துக்கும் இதுவே பதில். பணம் சேரும்போது வணிகக் குறியாகப் பதிவு செய்யலாம். ஆடைகளுக்கு வகுப்பு 25, கல்வி, விளையாட்டுப் பணிகளுக்கு வகுப்பு 41. இணையவழி விண்ணப்பத்துக்குக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்கு ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும். வணிகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் ஒத்த குறிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதை இப்போதே செய்துவிடுங்கள்.

வடிவமைப்பாளரிடமிருந்து பெற வேண்டியவை: எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு, ஒரே நிறத்தில் ஒரு வடிவம், அடர் பின்னணிக்கு ஒரு வடிவம், நிற எண்கள், எந்த அளவுக்குக் கீழே பயன்படுத்தக்கூடாது என்ற குறிப்பு. இவற்றை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் வைக்காமல் கல்லூரி அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்; வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சகத்துக்கு அனுப்புவதிலிருந்துதான் நான்கு வகைக் காளைகள் பிறக்கின்றன. இருக்கும் சட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவை இந்த ஆண்டு முழுவதும் பயிற்சிக்குப் போதும். புதிய காளை, அடுத்த கல்வியாண்டின் முதல் போட்டிக்கு எல்லா அணிகளோடும் ஒரே நாளில் இறங்கட்டும்.