அடுத்தவர் கதையில் எதைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்
(இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்து வரும் குழுவினர் பதில் தருகிறார்கள்.)

கேள்வி: என் வீட்டுக்காரர் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. ஆள் திரும்பி வந்துவிட்டார், படகு வரவில்லை. கடன் அப்படியே நிற்கிறது. ஆறுதலுக்குப் பேசினால், "அறுபத்து நாலு புயலைப் பார்த்தவங்க நாங்க, இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்கிறார்கள். அடுத்தவர் கதையைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?
– வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, அவர்கள் உங்களிடம் கதையே சொல்லவில்லை. தங்கள் கஷ்டத்தையும் உங்கள் கஷ்டத்தையும் தராசில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதில் மனம் சுருங்கத்தான் செய்யும்.

இப்போது உங்களுக்குத் தேவை 1964 தனுஷ்கோடிப் புயல் கதை அல்ல. நாலைந்து வருஷத்துக்கு முன் இதே மாதிரி படகை இழந்து, இன்று ஓரளவு எழுந்து நிற்கும் ஒரு குடும்பம். அந்த வீட்டு அக்காவிடம் போய், "எப்படிச் சமாளிச்சீங்க?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எப்படியோ ஓடிப்போச்சு, ஆண்டவர் புண்ணியம்" என்று முடித்துவிடுவார். மனசில் தங்குவது தொடக்கமும் முடிவும்தான். நடு மாதங்கள் பேச்சில் விழுந்துவிடும். உங்களுக்கு வேண்டியதோ அந்த நடு மாதங்கள். "முதல் மாசம் அரிசி எந்தக் கடையில் வாங்குனீங்க அக்கா, கடனா கைக்காசா? யார் கடனை முதலில் அடைச்சீங்க, யாரைக் காத்திருக்கச் சொன்னீங்க? அவசரப்பட்டு எதை வித்தீங்க? அண்ணன் மறுபடி கடலுக்குப் போனது யார் படகில்?" இப்படிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் அவருக்கு என்னென்ன இருந்தது, வலப்பக்கம் உங்களுக்கு என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கூலிக்கு ஏற்றிக்கொள்ள அவருக்குத் தம்பி படகு இருந்திருக்கலாம். உங்களுக்கு இல்லாமல் போகலாம். இதைப் பார்க்காமல் அவர் செய்ததையே நாமும் செய்யப் போய்த்தான் பலர் வட்டியில் மாட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் வேறுபடும் இடத்தில்தான் உங்கள் நிலைமை உங்களுக்குத் துலங்கும். ஒரு வீட்டோடு நிறுத்தாதீர்கள், மூன்று வீடாவது கேளுங்கள். ஒருவர் நகையை விற்றதற்கு வருந்துவார், இன்னொருவர் விற்காமல் அடகிலேயே மூழ்கவிட்டதற்கு வருந்துவார். இரண்டையும் கேட்டவருக்கே முடிவெடுக்கத் தெம்பு வரும்.

கேள்வி: பாட்டி அந்தக் காலத்தில் கடல்பாசி எடுக்கப் போனவர். போனில் பதிவுசெய்ய உட்கார்ந்தால் அதே நாலு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வருஷமும் தெரியவில்லை.
– கல்லூரி மாணவர், சின்னப்பாலம்

பதில்: எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினால் யாருக்கும் பேச்சு வராது. மீன் அரியும்போதோ, பாசி காயப்போடும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். கேள்வியைப் பொருளிலிருந்து தொடங்குங்கள்: "விரலில் எதைச் சுத்திக்கிட்டுப் பாசி பறிச்சீங்க? துணியா, ரப்பரா? பாறை கிழிச்சா என்ன வச்சுக் கட்டினீங்க?" கை அந்தத் துணியைச் சுற்றிக் காட்டத் தொடங்கும், பின்னாலேயே கூட வந்த பெண்களின் பெயர்கள் வரும்.

வருஷத்தை நேராகக் கேட்க வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். 1964 புயலுக்கு முன்பா, பின்பா? 1983இல் இலங்கையிலிருந்து அகதிகள் வந்தபோதா? 1988இல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த பிறகா? 2004 சுனாமிக்கு முன்பா? இப்படி இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே நிறுத்திவிட்டால் ஓரிரு வருஷப் பிழையோடு காலம் கிடைத்துவிடும்.

பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். சுவரை ஒட்டி, காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு முழ தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். நாற்பது நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம், வயதானவர் களைத்தால் சுருக்கிச் சொல்ல ஆரம்பிப்பார். அன்று இரவே கேட்டு எழுதுங்கள். ஆட்களின் பட்டப்பெயரும் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) பெயரும் மறுநாள் உங்களுக்கே விளங்காது.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் "நீங்க பார்த்ததா, யார் சொல்லிக் கேட்டதா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோனதை இந்தக் கரையில் பலரும் நேரில் கண்டதுபோலவே சொல்வார்கள். அந்த ரயிலில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. பெட்டிக்குள் நடந்ததாகச் சொல்வதெல்லாம் கேள்விப்பட்டதுதான். அதற்காகத் தள்ளிவிடாதீர்கள், அந்தப் பயம் எப்படி வீடு வீடாக இறங்கியது என்பதற்கு அதுவும் சாட்சி.

கேள்வி: கேட்ட கதையை மற்றவரிடம் சொல்லலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: சொன்னவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பதிவை அவருக்கே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கடன், குடும்பச் சண்டை, காணாமல் போனவர் பற்றி வரும் இடங்களில் "இதை வச்சுக்கலாமா, எடுத்துடவா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். எடு என்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.