ஜாக் ஏறியது, கார் ஏறவில்லை: எம்ஜிபி வாங்கப் போகிறவர்களின் கேள்விகள்

பழைய எம்ஜிபி கார் பற்றிப் போன மாதம் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் கராஜை ஒழித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. தெரியாதவர்களுக்காக: 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த ஸ்போர்ட்ஸ் கார். நான்கு சிலிண்டர், 1.8 லிட்டர். கூரை திறந்தால் ரோட்ஸ்டர், மூடியிருந்தால் ஜிடி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: எனக்கு ரோட்ஸ்டர் மேல்தான் ஆசை. வீட்டில் ஆறு, எட்டு வயதில் இரண்டு பிள்ளைகள். எதை வாங்கலாம்? (ஹாரோ)

ப: ரோட்ஸ்டரில் இரண்டே இருக்கை. பிள்ளைகளை டிக்கியிலா வைப்பீர்கள்? ஜிடி பாருங்கள். 1965இல் வந்தது. அதன் கூரை வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. பின்னால் பலகை மாதிரி ஒரு சின்ன இருக்கை. பெரியவர் உட்கார்ந்தால் தலை இடிக்கும்; உங்கள் பிள்ளைகளுக்கே இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். பின்பக்க பெல்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரே நிலையில் உள்ள இரண்டு காரில் ஜிடி விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வெயில் நாளில் பக்கத்தில் ஒரு ரோட்ஸ்டர் போனால் வயிறு எரியும். இந்த ஊரில் அது வருடத்துக்கு எத்தனை நாள்?

கே: கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த 1978 ரோட்ஸ்டர் மலிவாக வருகிறது. கிளப் நண்பர்கள் சிரிக்கிறார்கள். (க்ராய்டன்)

ப: சிரிக்கிறவர்கள் பணம் தரப் போகிறார்களா? கதை இதுதான். அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காக 1974 கடைசியில் க்ரோம் பம்பரை எடுத்துவிட்டு இந்தக் கனத்த கறுப்பு மூக்கை மாட்டினார்கள். உயர விதிக்காக வண்டியையும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். போதாக்குறைக்கு ரோட்ஸ்டரின் முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரையும் கழற்றிச் செலவைக் குறைத்தார்கள். வளைவில் வண்டி படகு மாதிரிச் சாய்ந்தது. கெட்ட பெயர் அப்போது வந்தது.

ஆனால் 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் போட்டு அதைச் சரிசெய்துவிட்டார்கள். உங்களுடையது 1978. மோட்டார்வேயில் எஞ்சின் கத்தாமல் ஓட ஓவர்டிரைவும் சேர்ந்தே வரும். முந்தைய கார்களில் அது தனிக்காசு. உடம்பு நன்றாக இருந்தால் வாங்குங்கள். துரு தின்ற க்ரோம் பம்பரைவிடக் கெட்டியான ரப்பர் பம்பர் மேல்.

கே: ஆறு சிலிண்டர் எம்ஜிசியா, ஜிடி வி8ஆ?

ப: இரண்டும் எம்ஜிபி உடம்பில் பெரிய எஞ்சின் வைத்தவை. என் ஓட்டு எட்டு சிலிண்டர் வி8க்கு. எம்ஜிசிக்கு இரும்பு எஞ்சினால் மூக்கு கனம்; வி8இன் அலுமினிய எஞ்சின் 3.5 லிட்டர் இருந்தும் சாதாரண எம்ஜிபி எஞ்சினின் எடைதான் கிட்டத்தட்ட. ஆனால் தொழிற்சாலை செய்தது மொத்தம் 2,591 ஜிடி வி8தான், ரோட்ஸ்டர் ஒன்றுகூட இல்லை. “ஒரிஜினல் வி8 ரோட்ஸ்டர்” என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கே: 1971 ரோட்ஸ்டர், முழுக்கப் புதுப்பித்தது, கண்ணாடி மாதிரி சிவப்புப் பெயிண்ட். எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) இல்லை, “சட்டப்படி தேவையில்லை” என்கிறார் விற்பவர். சரிதானா? (லெஸ்டர்)

ப: சட்டம் சரி. மனிதர் சரியா என்பதுதான் கேள்வி. உட்காருங்கள், இது கொஞ்சம் நீளும்.

40 வயது தாண்டிய காருக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், 2018 மே முதல் வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபி அத்தனையும் அந்த வயதைத் தாண்டியாயிற்று. எனக்கு இந்த விலக்கைக் கண்டாலே எரிச்சல். சோதனை தேவையில்லை என்பதற்கும் வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் விற்பவர்கள் ஏதோ நற்சான்றிதழ் மாதிரி அதைச் சொல்கிறார்கள். சோதனைக் கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. ஆயிரக்கணக்கில் கேட்பவர் அதைச் செலவழிக்க யோசித்தால் காரணம் இருக்கும். “என் செலவில் எம்ஓடி செய்யலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் போதும். நம்பர் பிளேட்டை வைத்துப் பழைய எம்ஓடி வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து வருடத்துக்கு முன் “சில் அரிப்பு” என்று எழுதியிருந்து அதன்பின் சோதனையே இல்லையென்றால், அந்தச் சிவப்புப் பெயிண்ட் எதை மூடுகிறது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

சில் என்பது கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகரப் பெட்டி. எம்ஜிபிக்கு அடியில் தாங்க தனி சேசிஸ் கிடையாது. இந்த இரண்டு பெட்டிதான் முதுகெலும்பு, கூரையில்லாத ரோட்ஸ்டரில் இன்னும் கூடுதலாக. இதை முறையாக மாற்ற முன் விங்கின் (முன்சக்கரத்தை மூடும் தகடு) அடிப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டும். சோம்பேறி கராஜ் அதைச் செய்யாது. துருவின் மேலேயே புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு நவம்பர் மாலை, தூறலில், டார்ச் வெளிச்சத்தில் இதே மாதிரி ஒரு சிவப்பு வண்டி வாங்கினேன். மறுவாரம் டயர் மாற்ற ஜாக் வைத்துச் சுற்றினேன். ஜாக் ஏறியது, கார் ஏறவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஜாக்கின் தலை சில்லுக்குள் போய்விட்டது, கையளவு பட்டியும் பழுப்புத் தூளும் செருப்பின் மேல் கொட்டின. வாங்கிய விலையில் பாதி வெல்டருக்குப் போனது.

அதனால் பகலில், மழையில்லாத நாளில் போங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக நகர்த்துங்கள். எங்கே வழுக்கி விழுகிறதோ அங்கே பட்டி. அப்புறம் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கச் சொல்லிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு பிடித்தாலோ, இடுக்கு குறுகினாலோ முதுகெலும்பு போயிற்று. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எதற்கும் பயப்பட வேண்டாம், சாமான் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய அச்சுகளிலேயே அடித்த முழு பாடிகூட 1988 முதல் புதிதாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் விலை ஐந்திலக்கம்.

கே: என் கணவரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு டீலரிடம் “1973 க்ரோம் பம்பர்” ரோட்ஸ்டர் 14,000 பவுண்டுக்கு வாங்கினேன். முன்பணம் 500 கிரெடிட் கார்டில், மீதி வங்கி வழியாக. லாக்புக் (வண்டியின் பதிவு ஆவணம்) வந்ததும் பார்த்தால் 1977. ரப்பர் பம்பரைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார் டீலர். 18 நாள் ஆகிறது. அவமானமாக இருக்கிறது. (ரெடிங்)

ப: சகோதரி, அவமானப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. வருட எழுத்து இல்லாத பழைய பாணி நம்பர் மாட்டியிருந்தால் கண்ணால் பார்த்து வயதைச் சொல்வது கஷ்டம்; அனுபவசாலிகளே ஏமாந்திருக்கிறார்கள்.

உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி டீலர் விற்கும் பொருள் அவர் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். “பார்த்து வாங்கியது” என்ற வசனம் நுகர்வோரிடம் செல்லாது. இன்றே எழுத்தில் அனுப்புங்கள், ஃபோனில் பேச வேண்டாம். விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வையுங்கள், நாளைக்குக் காணாமல் போகும். வண்டியை ஓட்டாதீர்கள். டீலர் இழுத்தடித்தால் கார்டு வங்கியிடம் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கோருங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் என்றால், 500 மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத்தொகைக்கும் வங்கி பொறுப்பு. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

கே: ஏலத்தில் படம் பார்த்து ஜிடி எடுத்தேன். நேரில் போக நேரமில்லை. நீலப்புகை கக்குகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: நேரில் போகக்கூடிய ஏலம் என்றால், பழைய பொருளுக்கு மேலே சொன்ன பாதுகாப்பு கிடையாது. ஏலக்காரரின் பட்டியலில் பொய் இருந்ததா என்று பாருங்கள், இல்லையென்றால் எஞ்சின் வேலைக்குப் பணம் எடுத்து வையுங்கள். காருக்குப் பணம் இருந்தது, ரயில் டிக்கெட்டுக்கு நேரமில்லையா?

கே: விற்பவர் ஸ்காட்லாந்தில். “மூன்று பேர் கேட்கிறார்கள், 1,000 பவுண்டு அனுப்பினால் நிறுத்தி வைக்கிறேன்” என்கிறார்.

ப: அந்த மூன்று பேரில் ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும்.

கே: கம்பிச் சக்கரம் நல்லதா?

ப: அழகு. சக்கரத்துக்கு 60 கம்பி, நான்குக்கு 240. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஞாயிற்றுக்கிழமைகளை அதில் தொலைத்தவன் நான். அச்சில் கோக்கும் பற்கள் தேய்ந்திருந்தால் கிளம்பும்போது ‘டக்’ என்று கேட்கும். எனக்குக் கேட்டது, ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கே: எந்த நிறம் வாங்கலாம்?

ப: காந்தம் ஒட்டுகிற நிறம்.