‘அங்கிள் பூன்மீ’ படத்தை ஆகா ஓகோ என்கிறார்களே, எனக்குத் தூக்கம்தான் வந்தது. அதில் அப்படி என்ன இருக்கிறது?

தூங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம். எங்கள் வீட்டிலேயே இந்தப் படத்துக்கு இரண்டு கட்சி. நான் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம்.

தாய்லாந்து இயக்குநர் அபிச்சாட்போங் வீரசேதகுல் எடுத்த படம். 2010-ல் ஹாலிவுட் இயக்குநர் டிம் பர்ட்டன் தலைமையிலான கான் திரைப்பட விழா நடுவர் குழு இதற்குத் தங்கப்பனை என்ற முதல் பரிசைக் கொடுத்தது. தாய்லாந்துப் படம் ஒன்றுக்கு அதுதான் முதல் தடவை. கதை என்று பார்த்தால் கொஞ்சம்தான். தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் இசான் பகுதியில் புளியந்தோப்பும் தேனீப் பெட்டிகளுமாக வாழும் பூன்மீ, சிறுநீரகம் பழுதாகிச் சாகப்போகிறார். கொழுந்தியாள் ஜென்னும் உறவுக்காரப் பையன் ஒருவனும் வந்து கூட இருக்கிறார்கள்.

நீங்கள் எங்கே தூங்கினீர்களோ தெரியாது, எனக்குத் தூக்கம் கலைந்தது டயாலிசிஸ் காட்சியில். ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்வது அல்ல, வயிற்றுக்குள் நீரை விட்டு எடுக்கிற வகை. பூன்மீ படுத்திருக்க, லாவோஸிலிருந்து வேலைக்கு வந்த ஜாய் அவர் வயிற்று டியூபில் நீர் மாற்றுகிறான். இதையே நானும் தம்பியும் முறை போட்டு அப்பாவுக்கு இரண்டரை வருஷம் செய்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை. கை கழுவி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, இரண்டு லிட்டர் பையைக் கொக்கியில் மாட்ட வேண்டும். பழைய நீர் இறங்கும், அப்புறம் புது நீர் ஏறும். எல்லாம் சேர்த்து அரை மணி. இறங்கிய பையை எடை போட்டு நோட்டில் எழுதணும். கலங்கலாக இருந்தால் வயிற்றில் கிருமி என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரி. அதனால் ஒவ்வொரு பையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். நடுவில் செய்ய ஒன்றும் இருக்காது. அப்பா விட்டத்தைப் பார்ப்பார், நான் அப்பாவைப் பார்ப்பேன். இந்தப் படத்தின் வேகம் எனக்கு ஏற்கெனவே பழகியதுதான். இயக்குநரின் அப்பாவும் சிறுநீரக நோயில் இறந்தவர் என்று பிறகு படித்தபோது ஆச்சரியமே வரவில்லை.

சரி, பேய்க்கு வருவோம். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில், காலி நாற்காலியில், செத்துப்போன மனைவி ஹுவாய் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறார். ஒரு நிமிஷம் திடுக்கிடுகிறார்கள், பிறகு பேச்சு சகஜமாகிவிடுகிறது. அடுத்து, காணாமல் போன மகன் உடம்பெல்லாம் முடியும் தணலாய்ச் சிவந்த கண்ணுமாகக் குரங்குப் பேயாகப் படியேறி வருகிறான். ஜென் அவனிடம் கேட்பது, ஏன் இவ்வளவு முடி வளர்த்துவிட்டாய் என்று! தம்பி சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் அம்மா எழுந்துவிட்டார். நானும்தான் சிரித்தேன். பிறகு ஹுவாயின் சாவுக்கு எடுத்த போட்டோ ஆல்பத்தை ஹுவாயிடமே காட்டுகிறார்கள். இதில் விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது? செத்தவர் வீட்டுக்கு வந்தால் நாம் மட்டும் வேறென்ன பேசிவிடுவோம்?

பேச்சோடு பேச்சாக பூன்மீ ஒன்று சொல்கிறார்: நிறையக் கம்யூனிஸ்டுகளைக் கொன்றேன், தோட்டத்தில் நிறையப் பூச்சிகளைக் கொன்றேன், அந்த வினைதான் இந்த நோய். 1960, 70-களில் தாய்லாந்து ராணுவம் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய பகுதி இசான். இயக்குநர் அதற்கு மேல் விளக்க மாட்டார். அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இளவரசியும் கெளுத்தி மீனும் வரும் பகுதி அழகுதான், ஆனால் பூன்மீயின் வீட்டை விட்டு எதற்கு அங்கே போனோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பப் பார்ப்பதானால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்காராதீர்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், பாதிப் படம் அந்தப் பூச்சிச் சத்தத்தில்தான் இருக்கிறது.

கடைசியில் காட்டு வழியாக எல்லாரும் ஒரு குகைக்குப் போகிறார்கள். பூன்மீ படுத்துக்கொள்கிறார். ஹுவாய் அவர் வயிற்று டியூபைத் திறந்துவிடுகிறார். நீர் தரையில் ஓடுகிறது. அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து, “ஐயோ, பை மாட்டாம திறக்குதே அந்த அம்மா!” என்று கத்தினான்.

அதற்கப்புறம் போனை அவன் கையில் எடுக்கவே இல்லை. படம் முடிந்ததும் “மட்டமான படம்” என்றான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறான்.