லயத்துக்கு ரோடு போடாத அரசாங்கத்துக்கு ஏன் வரி கட்ட வேண்டும்?

கேள்வி: நுவரெலியாவில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள். கணக்கை அண்ணன் பார்க்கிறார். ஏப்ரல் சீசனில் வருவதெல்லாம் கைக்காசு. 2024/25இல் செலவு போக 28 இலட்சம் ரூபாய் இலாபம். அதை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு, வரிக்கு இன்னொரு கொப்பியில் 11 இலட்சம் என்றுதான் காட்டினோம். "நம்ம லயத்துக்கு ரோடு போடாத அரசாங்கத்துக்கு நாம ஏன் கொடுக்கணும்?" என்று கேட்கிறார் அண்ணன். "எல்லாரும் செய்யிறாங்க" என்றும் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அண்ணனின் கோபம் நியாயமானது. 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். ரோடு விஷயத்திலும் அவர் சொல்வது சரி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துப் பாதைகளுக்குச் செலவு செய்ய முடியாது என்று சபைகள் கையை விரித்தன. நம் வாக்கில் ஜெயித்த உறுப்பினர்களாலும் நம் லயத்துக்கு ஒரு பாதை போட்டுத்தர முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள்.

ஆனால் நீங்கள் மறைத்த வரியின் பாரம் அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் தலையில் விழுவதில்லை. உங்கள் அம்மா சவர்க்காரம் வாங்கும்போதும், போனுக்கு ரீலோட் போடும்போதும் வரி கட்டுகிறார். 2024 ஜனவரியில் வற் வரி (விலையோடு சேரும் பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் அதே 18 வீதம்தான். அவரால் இரண்டு கணக்கு எழுத முடியாது. நாளொன்றுக்கு 1000 ரூபாய் சம்பளம் கேட்டு வருடக்கணக்கில் போராடியவர்கள் கடையில் கட்டுகிற வரிக்கு ஒளிய இடமில்லை. 28 இலட்சம் சம்பாதிக்கிறவர் ஒதுங்கிக்கொண்டால் அந்தப் பாக்கி இப்படித்தான் அவர்கள் சாமானின் விலையில் ஏறுகிறது. "எல்லாரும் செய்யிறாங்க" என்று அண்ணன் சொல்லும்போது அந்த 'எல்லாரிலும்' இவர்கள் இல்லை.

வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். வேறு வரிகளையும் குறைத்தார்கள். வருமானம் சரிந்தது, பணத்தை அச்சடித்தார்கள், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதற்கு முந்திய மாதம், மார்ச்சில், பேராதனை வைத்தியசாலையில் மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது நினைவிருக்கும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லாத நம் ஆட்கள்தான் அங்கே போகிறவர்கள்.

சட்டத்துக்கு வருவோம். சட்டம் தருகிற கழிவுகளை எடுத்து வரியைக் குறைப்பது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுடையது வியாபார வருமானம். வேலையாட்களின் சம்பளம், மின்சாரம், படுக்கை விரிப்பு, தொழிலுக்காக எடுத்த கடனின் வட்டி எல்லாவற்றையும் கழித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். உண்மை இலாபமே 28 இலட்சத்தைவிடக் குறையலாம். வந்த காசை வரவில்லை என்று எழுதுவது வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அது தண்டப்பணத்துக்குரியது. வேண்டுமென்றே செய்ததாக நிரூபணமானால் சிறைக்கும் இடமுண்டு. கையெழுத்து உங்களுடையது என்றால் 'அண்ணன் எழுதினார்' என்பது பதிலாகாது.

தொகையைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். 2024/25இல் தனிநபர் கழிவு, அதாவது வரியில்லாத தொகை, 12 இலட்சம். மிச்சம் 16 இலட்சத்துக்கு அப்போதைய விகிதத்தில் 2,04,000 ரூபாய் வருகிறது. தாமதத்துக்கு மாதம் 1.5 வீத வட்டியும் சேரும். 2025 ஏப்ரலிலிருந்து கழிவு 18 இலட்சமாகிவிட்டது. அதே 28 இலட்சம் இலாபத்துக்கு இனி 60,000 ரூபாய்தான். இந்த அறுபதாயிரத்துக்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

ஆகவே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வருமுன் நீங்களாகவே திருத்திய வருமான வரி விவரத்திரட்டைக் கொடுங்கள். முந்திய வருடங்களிலும் இப்படிச் செய்திருந்தால் அவற்றையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். தானாக வந்தவருக்கும் பிடிபட்டவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்டு எழுதலாம். 'வரி' என்று பில்லில் சேர்த்து விருந்தினரிடம் இதை வசூலித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வற் வரிக்குப் பதியாத நீங்கள் அதை அறவிடக் கூடாது.

அண்ணனின் கோபத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச சபைக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு உங்கள் தோட்டத்துப் பாதைகளுக்கு வருடாவருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேளுங்கள். பதில் தராவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் பலனில்லை என்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. இந்தக் கடிதத்தை அண்ணனே எழுதட்டும்.

அப்புறம், உண்மை வரவை எழுதிய அந்தக் கொப்பியைக் கிழித்துவிடாதீர்கள். சரியான கணக்கைத் திருத்தி எழுத அதுதான் வேண்டும். இரண்டு கொப்பியையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.