கலிஃபோர்னியா சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் தரவில்லை என்றால் என்ன செய்வது?

வீட்டைப் புதுப்பித்த ஒப்பந்ததாரர் மீது வழக்கு போட்டு, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்துகிறீர்கள். எழுத்துமூலக் கேள்விகள் அனுப்பியும் சரியான பதில் இல்லை, நீதிமன்றம் மூலம் பதில் சொல்ல வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அதற்கான மனுதான் மோஷன் டு கம்பெல். நான் வழக்கறிஞர் இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன சட்ட அலுவலகத்தில் பாராலீகல், அதாவது வழக்கறிஞர்களுக்கு உதவியாளர். இந்த மனுக்களுக்கான காகிதங்களைத் தயார் செய்வது என் அன்றாட வேலை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். பதிலே வரவில்லையா, அல்லது வந்த பதில் மழுப்பலா? இரண்டுக்கும் மனு வேறு, கெடு வேறு.

பதிலே வரவில்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கேள்விகளைச் சார்பு செய்த (சட்டப்படி முறையாகச் சேர்ப்பித்த) நாளிலிருந்து அவர்களுக்கு 30 நாள். மாநிலத்துக்குள் தபாலில் அனுப்பியிருந்தால் 5 நாள் கூடுதல், மின்னஞ்சலில் என்றால் 2 நீதிமன்ற வேலைநாள் கூடுதல். அதைத் தாண்டிவிட்டால் ஆட்சேபணை சொல்லும் உரிமையே போய்விடும். தவறியதற்கு நியாயமான காரணம் காட்டி நீதிமன்றத்திடம் விலக்குப் பெற்றால்தான் அது திரும்பக் கிடைக்கும். இந்த வகை மனுவுக்கு, எதிர்த்தரப்போடு முன்கூட்டிப் பேசிப் பார்த்தேன் என்று காட்டவேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆனாலும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். பாதி வழக்குகளில் அதற்கே பதில் வந்துவிடும்.

சிக்கல் மழுப்பல் பதிலில்தான். நாங்கள் அடிக்கடி பார்க்கும் மாதிரி இது. கேள்வி: "குளியலறை வேலைக்கு வாங்கிய பொருள்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" பதில்: "கேள்வி தெளிவாக இல்லை, அளவுக்கு மீறிய சுமை, வழக்குக்குத் தொடர்பில்லாதது. இந்த ஆட்சேபணைகளை விட்டுக்கொடுக்காமல் சொல்வதானால், தகவல்களைத் திரட்டிவருகிறோம்." மூன்று ஆட்சேபணை இருக்கிறது, ஒரு கடைப்பெயர்கூட இல்லை. இதற்குத்தான் 'மேற்பதில்', அதாவது இன்னும் முழுமையான பதில், கேட்கும் மனு. உறுதிமொழியோடு பதில் உங்களுக்குச் சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு அறிவிப்பைக் கொடுத்தாக வேண்டும் (பதில் தபாலில் வந்திருந்தால் இதிலும் 5 நாள் சேரும்). 46ஆம் நாள் போனால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் நீதிபதியால் உதவ முடியாது. எதிர்த்தரப்பு "இன்னும் ரெண்டு வாரம் கொடுங்கள், நல்ல பதில் தருகிறோம்" என்று கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மனுவுக்கான கெடு இன்ன தேதிவரை நீள்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாய்வார்த்தையை நம்பி இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பதிலின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். விவரம் தரும் பதிலில் அவர்கள் வழக்கறிஞர் அல்ல, எதிர்த்தரப்புக் கட்சிக்காரரே உண்மை என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பதில் பதிலே வராததற்குச் சமம். வெறும் ஆட்சேபணைகள் மட்டும் இருந்தால் வழக்கறிஞர் கையெழுத்தே போதும். அப்போது உறுதிமொழிக்காகக் காத்திருக்காமல் 45 நாளை எண்ணத் தொடங்கிவிடுங்கள்.

மேற்பதில் மனுவுக்கு முன் மனசாரப் பேசித் தீர்க்க முயன்றேன் என்று பிரமாண வாக்குமூலம் தரவேண்டும். "ஒழுங்காகப் பதில் கொடு" என்று எதிர்த்தரப்புக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதினால் எடுபடாது. ஒவ்வொரு கேள்வியின் எண்ணையும் போட்டு, எந்த ஆட்சேபணை ஏன் செல்லாது, உங்களுக்கு என்ன விவரம் தேவை என்று எழுதுங்கள். உழைப்பு வீணாகாது. மனுவோடு தனியாக ஒரு அறிக்கை இணைக்க வேண்டும்: கேள்வி முழுதாக, பதில் முழுதாக, மேற்பதில் ஏன் தேவை என்ற காரணம். கடிதம் நன்றாக இருந்தால் அறிக்கையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மனு மீதான விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 16 நீதிமன்ற வேலைநாள் முன்பே மனுவைத் தாக்கல் செய்து சார்பு செய்ய வேண்டும். தபால், மின்னஞ்சல் என்றால் மேலே சொன்ன கூடுதல் நாள்கள் இதிலும் சேரும். கூட்டமான கவுன்டிகளில் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும். அதற்காகப் பயப்படாதீர்கள், 45 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்திருந்தால் போதும், விசாரணை பிறகு நடக்கலாம். மனுத் தாக்கல் கட்டணம் 60 டாலர். தகுந்த காரணமின்றி மனுவை எதிர்த்துத் தோற்றவர் செலவுத்தொகை கொடுக்க வேண்டும். நீங்களே வாதாடுவதால் வழக்கறிஞர் கட்டணம் என்று எதுவும் கேட்க முடியாது, கட்டிய கட்டணம் போன்ற கைச்செலவைக் கேட்கலாம். காரணமில்லாமல் நீங்கள் மனு போட்டுத் தோற்றால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். அதனால் இருபது கேள்விகளுக்குச் சண்டை போடாமல், வழக்குக்கு உயிரான நாலைந்தை மட்டும் எடுங்கள்.

உத்தரவு வந்தும் பதில் தரவில்லை என்றால் அடுத்த மனு தண்டனைக்கு. பெரும்பாலும் படிப்படியாகத்தான் போவார்கள்: முதலில் பணம், பிறகு அந்த விஷயத்தில் அவர் சாட்சியம் கொடுக்கத் தடை, கடைசியில் எதிர்வாதத்தையே தள்ளுபடி செய்வது.

இணையத்தில் படிப்பதில் பாதி ஃபெடரல் நீதிமன்ற விதி 37 பற்றியது. அங்கே இந்த 45 நாள் கெடு இல்லை. ஆனால் பேசிப் பார்த்ததற்கான சான்று அங்கே எல்லா வகை மனுவுக்கும் வேண்டும். உங்கள் வழக்கு மாநில சுப்பீரியர் கோர்ட்டில் இருந்தால் அதையெல்லாம் அப்படியே பின்பற்றாதீர்கள். அப்புறம், சில நீதிபதிகள் மனுவுக்கு முன்பே ஒரு முறைசாராக் கலந்துரையாடலுக்கு வரச் சொல்வார்கள். உங்கள் நீதிபதி எப்படி என்று நீதிமன்ற எழுத்தரிடமோ, நீதிமன்றத்தின் சுய உதவி மையத்திலோ இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.